வெள்ளிக்கிழமைக் கட்டம்

எனக்கு வாய் நீளம். இதை என் மாமியார் சொல்லி, என் கணவர் சொல்லி, எங்கள் தலைமையாசிரியரும் நாசூக்காகச் சொல்லி, இப்போது நானே ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். கோபமும் மூக்குக்கு மேல் வரும். இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் ஆறு வருடமாக அனுப்பம்பட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்து நடுநிலைப்பள்ளிக்குக் கணக்கு நடத்தப் போய்க்கொண்டிருக்கிறேன்.

நான் நெல் விளையும் ஊர்க்காரி. எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் வாய்க்காலில் வருவது. ஏரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாக அடிக்கும் காற்றுதான். முதல் மூன்று வருடம் பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே நடத்தினேன். மாம்பழக் கூடை, ரயில் வண்டி, தோட்டத்துக்கு வேலி. பிள்ளைகளும் பாவம், கேட்டுக்கொண்டார்கள்.

மீச்சிறு பொது மடங்கு நடத்தும்போதுதான் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். இரண்டு மணிகள். ஒன்று ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கிறது, மற்றது எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டும் சேர்ந்து மறுபடி எப்போது ஒலிக்கும்? கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "எதுக்கு மிஸ் ரெண்டு மணிய வச்சிகினு அட்ச்சிகினே கீறாங்க? ஒரு மணி போதாதா?" வகுப்பே சிரித்தது. நான் அவனை அதட்டி உட்கார வைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என் கூடவே ஸ்கூட்டரில் வந்தது. எதற்குத்தான் இரண்டு மணி?

அந்தச் சமயத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்கும் போய்வந்திருந்தேன். குழந்தையின் வாழ்க்கையிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கேட்கும்போது கொட்டாவி விட்டேன். இப்போது அதைச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. இந்தக் குப்பத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையில் முறை வைத்துச் சுற்றி வருவது எது என்று யோசித்தால், பதில் பள்ளிக்கூட வாசலிலேயே கிடந்தது. அதற்குப் பெயர் பாடு.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் அதிகம் படும். உள்ளே போகப் போகக் குறையும். எல்லோரும் நல்ல இடத்துக்கே ஓடினால் வலையோடு வலை சிக்கும், ஆளோடு ஆள் மோதுவான். அதனால் ஊர் மூன்று குழுவாகப் பிரிந்து, ஒரு நாளைக்கு ஒரு குழு என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறது. குழுவுக்குள் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். இன்று முதல் இடம் கிடைத்தவனுக்கு அடுத்தமுறை கடைசி இடம் கிடைக்கலாம், குறை சொல்ல முடியாது. இந்த ஏற்பாடுதான் பாடு. யார் முறை எப்போது என்பது இங்கே பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்பார்கள்.

ஏழாம் வகுப்பில் அதையே கணக்காகப் போட்டேன். மூன்று குழு. வாரத்துக்கு ஏழு நாள். இந்த வெள்ளிக்கிழமை முதல் குழுவின் முறை என்றால், அந்தக் குழுவுக்கு மறுபடி வெள்ளிக்கிழமை எப்போது வரும்? நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பாதி வகுப்பு கத்தியது. "மூணு வாரம் கழிச்சு மிஸ்." மூன்றுக்கும் ஏழுக்கும் மீச்சிறு பொது மடங்கு இருபத்தொன்று. வருடக்கணக்கில் நான் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாதது, ஒரே நிமிடத்தில் ஏறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டைக்கனமும் ஏறிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கனத்தில்தான் அடுத்த நாள் வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒவ்வொருவரும் வீட்டில் கேட்டு, தங்கள் குடும்பத்தின் அடுத்த முறை எந்த நாள், எந்த இடம் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். மறுநாள் கரும்பலகை முழுக்கக் கட்டம் போட்டேன். மேலே நாட்கள், பக்கத்தில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று. ஒவ்வொரு பிள்ளையாக வந்து தன் வரிசை எண்ணை உரிய கட்டத்தில் எழுதியது. வந்து எழுதும் முகங்களைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் நூறு வாங்கினால்கூட அவர்கள் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

எல்லோரும் எழுதி முடித்தார்கள். ஒரு பெண் மட்டும் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வரிசை எண் பதினேழு. அமைதியான பெண், கணக்கில் கெட்டிக்காரி. நான் கேள்வியைச் சொல்லி முடிக்கும்போது அவள் நோட்டில் விடை இருக்கும், ஆனால் கையைத் தூக்க மாட்டாள்.

"வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னேனே, கேட்டியா?" என்றேன். தலையை ஆட்டினாள். "அப்புறம் ஏன் நிக்கிற? போய் எழுது. எழுதாம யாரும் உக்காரக் கூடாது." அவள் தயங்கினாள். எனக்குப் பொறுமை ஏது? "எல்லாரும் உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க" என்று ஒரு அதட்டல் வேறு போட்டேன். அவள் மெதுவாகக் கரும்பலகைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை, முதல் இடம். அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதில் பதினேழு என்று எழுதிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள்.

கட்டம் முழுவதும் நிறைந்துவிட்டது. என் பெருமையைக் கேட்கவேண்டுமா? ஓரத்தில் 'அழிக்காதீர்கள்' என்று எழுதி வைத்தேன். தலைமையாசிரியரைக் கூட்டிவந்து காட்டினேன். செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காய்ச்சலில் படுத்திருந்த பையன் ஒருவன் பள்ளிக்கு வந்தான். வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். "மிஸ், வெள்ளி மொதல் எடம் எங்க பாடு. இதுல பதினேழுனு கீது." நான் பார்த்தேன். சரி, ஏதோ தப்பாக எழுதியிருப்பாள், கேட்கலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் தலை மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "அவங்களுக்குப் பாடே கெடையாது மிஸ். அவங்க கையால புடிக்கிறவங்க" என்றான் இன்னொருவன். சில பேர் சிரித்தார்கள். நான் மேசையைத் தட்டி அடக்கினேன், கரும்பலகையை அழித்தேன், அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். சின்ன விஷயம், பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆறு வருடமாக அந்தக் கரைக்கு வந்துபோகிறவளுக்கு இவ்வளவுதான் புத்தி.

அதற்கடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் வரவில்லை. வெள்ளிக்கிழமை வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, "பதினேழு எங்கே? லீவு சொல்லாம போயிட்டாளா?" என்று சிடுசிடுத்தேன். காய்ச்சலில் கிடந்த அந்தப் பையன்தான் எழுந்தான். அவன் முகம் நன்றாக இல்லை.

"அவ வரமாட்டா மிஸ். அவங்க நைனாவ கிராமத்தார் கூப்ட்டு வச்சி கேட்டாங்க."

"எதுக்கு?"

"எங்க பாட்ட அவங்களோடதுனு எழுதிட்டானு. நான் சும்மா வூட்ல சொன்னேன் மிஸ். எங்க நைனா போயி ஊர்ல சொல்லிட்டாரு." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

மதிய இடைவேளையில் அவனைத் தனியே உட்கார வைத்து முழுக்கக் கேட்டேன். பாடு உரிமை இருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. இல்லாத குடும்பங்களும் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் குடும்பத்தார் தலைமுறையாக வலை இல்லாமல், ஓரத்துத் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். அவர்களுக்குப் பாடு கிடையாது. பாடு நடக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் இறங்கிக்கொள்ள ஊர் சம்மதித்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கே யாரும் தன்னுடையது அல்லாத பாட்டை விளையாட்டுக்குக்கூடத் தன்னுடையது என்று சொல்வதில்லை. அப்படியிருக்க, பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒரு நாள் முழுக்க அழியாமல் நின்றிருக்கிறது. இவர்கள் இப்போது பாடு கேட்கத் தொடங்கிவிட்டார்களா, யார் தூண்டிவிட்டது என்று ஊர் பேசியிருக்கிறது. விஷயம் தீரும்வரை பக்கத்துத் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் பாடு கேட்கவில்லை. நான் காலியாக ஒரு கட்டம் வைத்துவிட்டு, அதை நிரப்பாமல் உட்காரக் கூடாது என்றேன். கணக்கில் கெட்டிக்காரி, காலியாக இருந்ததை நிரப்பினாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே கிளம்பிப் போனேன். அவள் வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள், "தூரமா போயிட்டாங்க டீச்சர். பக்கத்துல எறங்கக்கூடாதே" என்று வடக்குப் பக்கம் கையைக் காட்டினாள். மணல் முடியும் இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. முக்கால் மணி நேரம் நடந்தபிறகு, இடுப்பளவுத் தண்ணீரில் அவளுடைய அம்மா குனிந்திருப்பது தெரிந்தது. முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே. கொஞ்சம் தள்ளி அந்தப் பெண்ணும்.

கரையில் நின்று கூப்பிட்டேன். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. கோபம் போலிருக்கிறது, நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு நானே பேச ஆரம்பித்தேன். என் மேல்தான் தப்பு, எனக்குத் தெரியாது, பிள்ளையை அனுப்புங்கள் என்று நீட்டி முழக்கினேன். அவள் பாட்டுக்குச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். நான் பேசிக்கொண்டே தண்ணீரில் இறங்கினேன். சேறு கணுக்கால் வரை உள்ளே இழுத்தது. ஒரு கால் வழுக்கி, சேலையோடு தொப்பென்று உட்கார்ந்தேன். அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அவளுடைய வாயில் பனையோலைப் பறியின் கயிறு இருந்தது. பிடிக்கும் இறாலைப் போட்டு வைக்கும் சின்னக் கூடை அது. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டுதான் பிடிப்பார்கள். அவள் கோபத்தில் பேசாமல் இல்லை. வாயைத் திறந்தால் காலையிலிருந்து பிடித்த இறால் எல்லாம் தண்ணீரில் போய்விடும்.

அவள் நிமிர்ந்து, பறியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைத் தூக்கிவிட்டாள். "இன்னா டீச்சரம்மா, சேலையெல்லாம் நாசமாப் பூட்ச்சே" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பிள்ளைய அனுப்பும்மா" என்றேன்.

"நான் வேணாம்னு சொல்லல. அவங்க நைனாவும் சொல்லல. அவளே வரமாட்டேன்றா. நீங்களே கேளுங்க."

அந்தப் பெண் தன் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றாள். எப்போதும் கையைக்கூடத் தூக்காத பெண், அன்று என்னைப் பார்த்துப் பேசினாள்.

"எல்லாரும் எழுதினாங்க மிஸ். நான் மட்டும் நின்னுகினு இருந்தேன். ஒரு கட்டம் காலியா இருந்திச்சி." பறிக் கயிற்றை விரலில் சுற்றினாள். "எங்க நைனா துண்ட இடுப்புல கட்டிகினு எல்லாரு எதிர்லயும் நின்னாரு. ஏன் அப்டி எழுதுனானு கேட்டாங்க. தெரியாத்தனமா எழுதிட்டா, மன்னிச்சிக்கங்கனு சொன்னாரு."

"நான் எழுதச் சொன்னேன்னு அவர் சொல்லலியா?"

"நான் அவருகிட்ட சொல்லிட்டேன். அவரு ஊர்ல சொல்லல. டீச்சர் பேரச் சொன்னா உனுக்கு பள்ளிக்கொடத்துல பேஜாராப் பூடும்னு சொன்னாரு."

நான் அழுதுவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில், நனைந்த சேலையோடு, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் எதிரில் நின்று அழுதேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த மனிதர் என்னைப் பார்த்ததுகூட இல்லை. மகளின் படிப்புக்காக, ஊர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, என்னைக் காப்பாற்றியிருக்கிறார்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றேன். ஒரு மாணவியிடம் அப்படி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எங்க நைனா மேல தப்பு இல்ல மிஸ். அத யாராவது ஊர்ல சொல்லணும்" என்றாள். பிறகு பறிக் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு குனிந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிற மனிதர். "நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு? நாளைக்கு யாராவது பெட்டிஷன் போட்டா யார் பதில் சொல்றது?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், வம்பை நான்தான் ஊருக்குள்ள கொண்டுபோய் விட்டேன். பதிலும் நான்தான் சொல்லணும்" என்றேன். "நான் வரல. ஆனா போகாதீங்கன்னு நான் சொன்னதா வச்சுக்காதீங்க" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு கிடைத்ததே பெரிது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலை பழுதுபார்க்கும் கொட்டகையில் கிராமத்தார் கூடுவார்கள். பெண்கள் அங்கே போய் நின்று பேசும் வழக்கமில்லை. நான் போனபோது ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் அப்பாவையும் வரச்சொல்லியிருந்தேன். ஒல்லியான மனிதர், கொட்டகைக்கு வெளியே தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். யாரோ எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் தலைவர்.

"அன்னிக்கு அவர் எவ்வளவு நேரம் நின்னாரு?" என்று கேட்டேன். நாற்காலியை ஓரமாகத் தள்ளினேன். "நானும் நிக்கிறேன்" என்றேன்.

வழக்கமாக எனக்குப் பேச்சுக்குப் பஞ்சமே வராது. அன்று வார்த்தையை எண்ணித்தான் பேசினேன். மூன்று குழு, ஏழு நாள், கட்டம் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடு இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன், இல்லாதவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கவே இல்லை, எழுதாமல் உட்காரக் கூடாது என்று அதட்டியது நான்தான் என்றேன். "அந்தப் பிள்ளை பாடு கேக்கல. நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினா. தப்பு என்னோடது. அவங்க அப்பா மேல ஒரு தப்பும் இல்ல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், இங்க பாட்ட வெளாட்டுக்குக்கூட மாத்திச் சொல்ல மாட்டோம். இதுக்காக அண்ணந்தம்பிங்க மூஞ்சில முழிக்காம இருக்கிறது உண்டு."

"இப்ப தெரியுது சார். கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அவர் தூணோரம் திரும்பினார். "ஏம்பா, டீச்சர்தான் எழுதச் சொன்னாங்கனு அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். அவ்வளவு பேர் எதிரில் அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மிஸ்ஸு, கொளந்தைக்கு கணக்கு வருதா?"

"வகுப்புலயே மொதல்ல அவளுக்குத்தான் வரும்" என்றேன். அது சமாதானத்துக்குச் சொன்னதல்ல, உண்மை. அவர் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பழையபடி பக்கத்துலயே எறங்கிக்கட்டும்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பாடு இல்லாதவர்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்வியை நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் சில நாள் தோன்றும். அன்று ஒரு பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வரவேண்டும், அவள் அம்மா வீட்டுப் பக்கத்துத் தண்ணீரில் இறங்க வேண்டும். அதற்கு மேல் கையை நீட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. நான் வகுப்பில் நின்று, ஊரில் சொன்னதை அப்படியே பிள்ளைகளிடமும் சொன்னேன். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு வேறு ஒரு வேலை கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே கேள்வியை நான் கேட்கப்போவதில்லை. அவரவர் வீட்டிலிருந்து ஒரு கணக்கு கொண்டுவர வேண்டும். எனக்கு விடை தெரியாத கணக்காக இருக்க வேண்டும். எப்போது தோன்றுகிறதோ அப்போது கொண்டுவரலாம், கொண்டுவராதவர்கள் நிற்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் தன் அப்பாவின் ஷிப்டு மாறும் கணக்கைக் கொண்டுவந்தாள். அப்பாவும் அவளும் சேர்ந்து ராத்திரிச் சோறு சாப்பிடும் நாள் மாதத்தில் எத்தனை என்பதுதான் கேள்வி. இன்னொருவன் ஒரு வலைக்கு எத்தனை ஈயக் குண்டு வேண்டும் என்று கேட்டான். எனக்கு எதற்கும் விடை தெரியவில்லை, அவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் போட்டேன். வகுப்பு கலகலவென்று இருந்தது. பதினேழாம் எண்ணின் இடம் மட்டும் அன்றும் காலி. எல்லாம் செய்தும் பிள்ளையை இழந்துவிட்டேனோ என்று எனக்குள் அடித்துக்கொண்டது. வீட்டில் அன்று யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதன்கிழமை முதல் மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து அவள் வாசலில் வந்து நின்றாள். சீருடையைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் போட்டிருந்தாள். "உள்ள வரலாமா மிஸ்?" என்றாள். எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வா என்று மட்டும் சொன்னேன். அவள் இடத்துக்குப் போகவில்லை.

"எங்கிட்டயும் ஒரு கணக்கு கீது மிஸ்."

திங்கட்கிழமை நான் கொடுத்த வேலை அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தக் காய்ச்சல் பையன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஓரளவு புரிந்தது. "சொல்லு" என்றேன்.

"எங்கம்மா ஒரு நாளைக்கு எத்தினி தடவ சேத்துக்குள்ள கைய வுடுவாங்க?"

வகுப்பு அவளையே பார்த்தது. பள்ளிக்கு வராத அத்தனை நாளும் தண்ணீரில் நின்று எண்ணியிருக்கிறாள். ஒரு நிமிடத்துக்கு எட்டு தடவை. பல தடவை எண்ணிப் பார்த்து, சராசரி எடுத்து வைத்திருக்கிறாள். சராசரி நான் இன்னும் நடத்தவே இல்லை.

"எவ்ளோ நேரம் எறங்குவாங்க?" என்று கேட்டது அந்தப் பையன்தான். வகுப்பில் எல்லோர் எதிரிலும் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அன்றைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"அஞ்சு மணி நேரம்."

நான் சாக்பீஸை எடுத்தேன். எட்டை அறுபதால் பெருக்கினால் நானூற்று எண்பது. அதை ஐந்தால் பெருக்கினால் இரண்டாயிரத்து நானூறு. எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். "எங்க நைனா ஒரு பாட்டுக்கு வலைய நாலஞ்சு தடவதான் இழுப்பாரு" என்றான் அந்தப் பையன், யாரிடமும் சொல்லாமல் தனக்குத் தானே சொல்வது போல.

"மிஸ்" என்றாள் அவள். "அது ஒரு கைக்குத்தான்."

"இன்னொரு கை?"

"இறால் முன்னாடி ஓடாது மிஸ். தொட்டா பின்னாடி குதிக்கும். அதனால ஒரு கை முன்னால தொடும், ஒரு கை பின்னால மறிச்சுப் புடிக்கும். ரெண்டு கையும் ஒரே நேரத்துல சேத்துல இருக்கணும். நீங்க ஒரு கையத்தான் போட்டிருக்கீங்க."

அந்த அம்மாளுக்கு எதிரில் நின்று நான் அவ்வளவு நேரம் பேசியிருந்தேன். அவள் கைகள் தண்ணீருக்குள் என்ன செய்கின்றன என்று நான் பார்க்கவே இல்லை. சாக்பீஸை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். பெஞ்சு குட்டையாக இருந்தது, முட்டி இடித்தது. அவள் என் விடைக்குக் கீழே இரண்டால் பெருக்கி, நாலாயிரத்து எண்ணூறு என்று பெரிதாக எழுதினாள். எழுதி முடித்ததும் உட்கார வரவில்லை. வகுப்பின் பக்கம் திரும்பி நின்றாள்.

"யாருக்குன்னா டவுட் கீதா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமைப் பாட்டுக்குச் சொந்தக்காரப் பையன் கையைத் தூக்கினான்.